சன்னலோரத்துப் போன்சாய்

உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்திக்குப் பிறந்தநாள் பரிசாகச் சிறிய மரம் ஒன்று கிடைத்தது. உள்ளங்கை அகலமே இருந்த நீல நிறத் தொட்டியில், வளைந்த தண்டும் அடர்ந்த பச்சை ஊசியிலைகளும் கொண்டு அது நின்றது. ஜூனிப்பர் என்னும் மரத்தின் போன்சாய் அது. “வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றினால் போதும்,” என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாணவி அதை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து வியந்தார்கள். அவளும் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்றாம் மாதம் இலைகள் வைக்கோல் நிறத்துக்கு மாறின. பதறிப்போனவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கு வசிக்கும் சீன முதியவர் பல ஆண்டுகளாகப் போன்சாய் வளர்ப்பவர். அவர் ஒன்றும் பேசாமல் கட்டைவிரல் நகத்தால் மரப்பட்டையை இலேசாகச் சுரண்டிப் பார்த்தார். உயிருள்ள கிளையாக இருந்தால் பட்டைக்கு அடியில் ஈரமான பச்சை நிறம் தெரியும். அங்கே காய்ந்த பழுப்பு நிறம்தான் தெரிந்தது.

“அங்கிள், ஒரு முறைகூடத் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே,” என்றாள் மாணவி.

“மரம் பல வாரங்களுக்கு முன்பே இறந்துவிட்டது. இன்றைக்குத்தான் உன் கண்ணுக்குத் தெரிகிறது,” என்றார் முதியவர்.

ஜூனிப்பர் மரத்தின் இயல்பு அது. வேர் அழுகியோ ஒளியின்றிப் பட்டினி கிடந்தோ மரம் இறந்துபோன பிறகும், அதன் இலைகள் பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். அந்தப் பெண் இறந்துபோன ஒரு மரத்துக்குத்தான் பல நாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் அக்கறை குறையவில்லை. அந்த அக்கறைக்கு வழிகாட்டும் அறிவுதான் கிடைக்கவில்லை.

இத்தகைய இழப்பு பல வீடுகளில் நடக்கிறது. இதற்கு அடிப்படைக் காரணம் ஒரு தவறான எண்ணம். வீட்டுக்குள் வைப்பதற்கென்றே ‘உட்புறப் போன்சாய்’ என்று ஒரு மர இனம் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அப்படி எந்த மரமும் இல்லை. வீட்டுக்குள் வாழ ஒத்துக்கொள்ளும் சில மரங்கள் மட்டுமே உண்டு. அவற்றுக்கும் வீடுதான் இடம் கொடுக்க வேண்டும். மரத்துக்கு ஏற்ப வீட்டின் பழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ள முடிந்தவர்களே போன்சாய் வளர்க்க வேண்டும். முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே மேல்.

போன்சாய் என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இது ஜப்பானியச் சொல். ‘போன்’ என்பது ஆழமற்ற தொட்டி அல்லது தட்டு. ‘சாய்’ என்பது நடுதல். தட்டில் நட்ட செடி என்பதே இதன் நேர்ப்பொருள். இக்கலை சீனாவில் தோன்றியது. தாங் அரச மரபைச் சேர்ந்த இளவரசர் சாங்குவாயின் கல்லறை கி.பி. 706ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்திச் செல்லும் பணியாளர்களைக் காணலாம். சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற இக்கலை அங்கே தனித்தன்மையுடன் வளர்ந்தது. 1923ஆம் ஆண்டு தோக்கியோ வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கிய பின், அந்நகரின் போன்சாய் வளர்ப்பாளர்கள் சிலர் நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி ஓமியா என்னும் இடத்தில் குடியேறினர். 1925ஆம் ஆண்டில் உருவான அந்தப் போன்சாய் கிராமம் இன்றும் இருக்கிறது. வீடும் தொழிலும் சிதைந்த நேரத்திலும் அவர்கள் மரத்துக்கு உகந்த இடத்தையே தேடிப் போனார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆக, போன்சாய் என்பது மரத்தின் பெயரன்று. மரத்தை வளர்க்கும் முறையின் பெயர். தொட்டியில் நிற்பது பிறவியிலேயே குள்ளமான மரமும் அன்று. காட்டில் ஓங்கி வளரும் அதே இனந்தான் அது. வேரையும் கிளையையும் அவ்வப்போது வெட்டி, சிறிய தொட்டியில் வளர்ப்பதால் அது சிறியதாக நிற்கிறது. அதைத் தரையில் நட்டால் மற்ற மரங்களைப் போலவே பெரிதாக வளரத் தொடங்கும். உருவம் சிறுத்தாலும் அதன் தேவைகள் சிறுத்துவிடுவதில்லை. முழு மரத்துக்கு வேண்டிய வெயில், காற்று, பருவம் ஆகியவை இந்தச் சிறு மரத்துக்கும் வேண்டும். போன்சாய் வளர்ப்பில் நேரும் பெரும்பாலான தவறுகள், இந்த ஒன்றை மறப்பதால் வருபவையே.

எந்த மரம் எந்த ஊருக்கு ஏற்றது என்பது முதல் கேள்வி. ஜப்பானிய மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்கள் குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். அந்த ஓய்வு அவற்றுக்கு உறக்கம் போன்றது. ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் சிங்கப்பூரில் அந்த உறக்கம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஓய்வின்றி வளர்ந்து வளர்ந்து அவை சோர்ந்துபோகின்றன. ஜூனிப்பர் மரத்தின் நிலை சற்று வேறு. அதன் சில வகைகளை அனுபவம் மிக்கவர்கள் வெப்பநாடுகளிலும் வளர்க்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைத் திறந்த வெளியில், வெயிலில் வைக்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதில்லை.

வெப்பமண்டல மரங்களோ இவ்வூரின் வானிலைக்குப் பழகியவை. ஆலமரமும் அரசமரமும் சேர்ந்த ஃபைக்கஸ் இனத்தில் சிறிய இலை கொண்ட சில வகைகள் இருக்கின்றன. வீட்டுக்குள் வளர்க்க இவையே மிகவும் ஏற்றவை. குறைந்த ஈரப்பதத்தையும் தொடக்கநிலையாளர் செய்யும் சிறு தவறுகளையும் இவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வெட்டிய இடத்தில் பால் வடிந்து, விரைவில் புதுத் தளிர் விடும். காகிதப்பூச் செடியும் போன்சாய்க்கு அழகானதுதான். ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். வீட்டின் உள்ளே அது பூப்பது அரிது. எனவே, கடைக்குச் செல்பவர் “எது அழகாக இருக்கிறது?” என்று பார்ப்பதற்கு முன்னால் “இது என்ன மரம்? இதன் சொந்த ஊர் எது?” என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி ஒளியைப் பற்றியது. இந்த விஷயத்தில் மனிதனின் கண்ணை நம்ப முடியாது. மங்கலான இடத்துக்குப் போனதும் கண்மணி விரிந்து, அந்த ஒளிக்கு ஏற்பக் கண் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அதனால்தான் வரவேற்பறை மனிதருக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிகிறது. ஆனால் அளவுகோல் வேறு கணக்கைக் காட்டும். நடுப்பகலில் நேரடி வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். விளக்கு எரியும் அறையிலோ சில நூறு லக்ஸ் மட்டுமே இருக்கும். புத்தகம் படிக்க அது போதும். ஒரு மரம் தன் உணவைத் தயாரிக்க அது போதாது. ஒளிச்சேர்க்கையின் மூலம் இலை உணவு தயாரிப்பதை அறிவியல் பாடத்தில் படித்த மாணவருக்கு இதன் பொருள் எளிதில் புரியும். அறையின் மூலையில் நிற்கும் மரம் நாள்தோறும் அரைப்பட்டினி கிடக்கிறது.

ஆகவே, வீட்டுக்குள் போன்சாய்க்கு உரிய இடம் சன்னலோரம் மட்டுமே. அந்தச் சன்னலும் எத்திசையை நோக்கியது என்பதைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கிறது. கிழக்குச் சன்னலில் இதமான காலை வெயில் விழும். மேற்குச் சன்னலில் மாலை வெயில் கடுமையாக இருக்கும். வடக்குச் சன்னலில் ஜூன் மாதத்தை ஒட்டியும், தெற்குச் சன்னலில் டிசம்பர் மாதத்தை ஒட்டியும் வெயில் எட்டிப்பார்க்கும். எதிரே இன்னொரு கட்டடம் மறைத்திருந்தால் இந்தக் கணக்கும் மாறும். ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை வெயில் எங்கே விழுகிறது என்று குறித்து வைத்தாலே, தன் வீட்டில் மரத்துக்கு இடம் உண்டா என்பது தெரிந்துவிடும். இடம் இல்லையென்றால் செடிகளுக்கான எல்இடி விளக்கு ஒன்றைப் பொருத்தி, பகல்பொழுது முழுவதும் எரியவிடலாம். மரம் தன் பசியை வெளிக்காட்டவும் செய்யும். கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு மெலியும். புதிய இலைகள் வழக்கத்தைவிடப் பெரிதாக வரும். கிளைகள் சன்னல் பக்கமாகவே சாயும். அந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவது தண்ணீர். “வாரத்துக்கு இரண்டு முறை” என்ற கடைக்காரரின் அறிவுரைதான் போன்சாய் மரங்களுக்குப் பெரும் தீங்கு செய்கிறது. மரத்துக்கு நாட்காட்டி தெரியாது. மழை பெய்யும் வாரத்தில் மண் மெதுவாகக் காயும். வெயில் கொளுத்தும் வாரத்தில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஆழமற்ற தொட்டியில் மண் குறைவு என்பதால் மாற்றம் விரைவாக நிகழ்கிறது. விரலை மண்ணுக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவு நுழைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. மேல்மண் காயத் தொடங்கியிருந்தால், அடியிலுள்ள துளைகள் வழியாக நீர் வடியும்வரை நன்றாக ஊற்ற வேண்டும். இன்னும் ஈரமாக இருந்தால் ஊற்றக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தொட்டி மரத்துக்கும் பொருந்தும். எப்போதும் நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. மூச்சுவிட முடியாத வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுபவர், தம்மையறியாமலேயே மரத்தை மேலும் அழிக்கிறார்.

இதனால்தான் போன்சாய் வளர்ப்பவர்கள் சாதாரணத் தோட்டமண்ணை மட்டும் பயன்படுத்துவதில்லை. ஜப்பானில் அகடாமா எனப்படும் களிமண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். சிங்கப்பூரில் எளிதாகக் கிடைக்கும் சுட்டமண்ணுடன் எரிமலைக்கல் துண்டுகளைச் சேர்ப்பதும் உண்டு. இத்தகைய மண்ணில் நீர் விரைந்து வடியும். வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிடுவது இன்னொரு தவறு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பறக்கும் கொசுவாகிவிடும். பூந்தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கக் கூடாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் தொடர்ந்து நினைவூட்டி வருவது இதனால்தான். தன் மரத்தின்மீது வைத்த அன்பு அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலாக மாறிவிடக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் மரம் வளர்ப்பவருக்கு அண்டை வீட்டாரைப் பற்றிய நினைவும் வேண்டும்.

நான்காவது காற்று. மூடிய அறையில் குளிரூட்டி இரவெல்லாம் ஓடும்போது காற்றின் ஈரப்பதம் குறைகிறது. குளிர்க்காற்று நேராகப் படும் இடத்தில் வைத்த மரம் இலைகளை உதிர்க்கத் தொடங்கும். வெளிக்காற்று வந்து போகும் இடமே மரத்துக்கு நல்லது. வாய்ப்புள்ளவர்கள் அவ்வப்போது மரத்தைத் தாழ்வாரத்தில் வைத்து வெளிச்சமும் காற்றும் படச் செய்யலாம். ஆனால் அடர்நிழலில் இருந்த மரத்தைத் திடீரென்று கடும் வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும். சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். இங்கும் சில பொறுப்புகள் உண்டு. தீ விபத்தின்போது மக்கள் தடையின்றி வெளியேறுவதற்காக, வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகல வழி விட வேண்டும் என்பது விதி. கைப்பிடிச் சுவரின்மீது தொட்டியை வைப்பதோ உயிருக்கே ஆபத்தானது. கீழே நடப்பவர்மீது அது விழுந்தால் எந்த மன்னிப்பும் ஈடாகாது.

இவ்வளவும் அன்றாடப் பராமரிப்பு. இவற்றோடு ஆண்டுக் கணக்கில் செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. இளம் ஃபைக்கஸ் மரத்தை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து, சுற்றிப் பின்னிய வேர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வெட்டி, புதிய மண்ணில் நட வேண்டும். கிளைகளின் வடிவத்தை மாற்ற அலுமினியக் கம்பியைச் சுற்றி மெல்ல வளைப்பார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று தமிழர் சொல்வது கிளைக்கும் பொருந்தும். இளங்கிளை எளிதில் வளையும். முற்றிய கிளையை வளைத்தால் முறியும். கிளை தடிக்கும்போது கம்பி பட்டையை அழுத்தத் தொடங்கும். அதற்கு முன்பே கம்பியை வெட்டி எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் பட்டையில் பதிந்த தழும்பு பல ஆண்டுகளுக்கு மறையாது.

இந்த இடத்தில்தான் சிலர் ஒரு வலுவான எதிர்வாதத்தை முன்வைக்கிறார்கள். “ஓங்கி வளர வேண்டிய மரத்தின் வேரை வெட்டி, கிளையைக் கம்பியால் கட்டி, சிறு தட்டில் அடைத்து வைப்பது கொடுமையில்லையா? கூண்டுக் கிளிக்கும் போன்சாய்க்கும் என்ன வேறுபாடு?” என்று அவர்கள் கேட்கிறார்கள். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று இது. ஓர் உயிரைத் தன் விருப்பத்துக்கு ஏற்ப வடிவமைக்கும் மனிதன், தனக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நல்லதே.

எனினும், இந்த ஒப்பீடு முழுமையாகப் பொருந்தவில்லை. வலியை உணரும் நரம்பு மண்டலம் மரத்துக்கு இல்லை. கிளை முறிவதும் வேர் அறுபடுவதும் இயற்கையிலும் நிகழ்பவை. மலைப்பாறை இடுக்கில் முளைத்து, காற்றாலும் மண் பற்றாக்குறையாலும் குட்டையாகவே வாழும் மரங்கள் பல உண்டு. போன்சாய்க் கலைஞர்களுக்கு முன்மாதிரியாக இருந்தவை அவைதாம். கொய்யா மரத்தையும் ரோஜாச் செடியையும் கிளை கழித்து வளர்ப்பதை யாரும் கொடுமை என்பதில்லை. அளவறிந்து வெட்டினால் புதிய வேரும் புதிய தளிரும் தோன்றி மரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

இதற்கு மிகச் சிறந்த சான்று வாஷிங்டனில் இருக்கும் ஒரு வெள்ளைப் பைன் மரம். 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு வரும் அதை, ஹிரோஷிமாவில் வாழ்ந்த யாமாகி குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அந்நகரில் அணுகுண்டு வெடித்தபோது, அது அவர்களுடைய வளாகத்தில் ஓர் உயரமான சுவருக்குப் பின்னால் இருந்தது. குண்டு வெடித்த இடம் அங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கின, மரம் பிழைத்தது. 1976ஆம் ஆண்டு ஜப்பான் அமெரிக்காவுக்கு 53 போன்சாய் மரங்களை அன்பளிப்பாக வழங்கியது. அவற்றில் ஒன்றாக, மசாரு யாமாகி இந்த மரத்தைக் கொடுத்தார். 2001ஆம் ஆண்டு அவருடைய பேரன்கள் இருவர் அதைப் பார்க்க வந்து சொன்ன பிறகுதான், அது ஹிரோஷிமாவைக் கடந்து வந்த மரம் என்பது அங்கு தெரியவந்தது. தொட்டியில் வாழ்வது கொடுமை மட்டுமே என்றால், ஒரு மரம் 400 ஆண்டுகள் அதில் தழைத்திருக்க முடியாது.

ஆனால் அந்தப் பைன் மரம் வாழ்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் தினமும் அதன் மண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் கைகள் இல்லாமல் போயிருந்தால், வெயில் காலத்தின் சில நாள்களே அந்த மரத்தைக் கொன்றிருக்கும். காட்டு மரம் தன் வேரை நீட்டித் தானே நீரைத் தேடிக்கொள்ளும். தொட்டி மரத்தால் அது முடியாது. தன்னால் தேட முடியாத ஒன்றை இன்னொருவர் கொண்டுவந்து தருவார் என்ற நிலையில் அது நிற்கிறது. ஆகவே, கொடுமை கத்தரிக்கோலில் இல்லை. கத்தரித்துவிட்டு மறந்துபோவதில் இருக்கிறது. போன்சாய் வளர்ப்பதை எதிர்ப்பவர்களின் கவலை, மரத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுபவர்களைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமானதே.

“பள்ளி, துணைப்பாட வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை என்று ஓடும் மாணவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று இன்னும் சிலர் கேட்கலாம். உண்மையில் மண்ணைத் தொட்டுப் பார்க்கவும், இலைகளைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று கவனிக்கவும் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடங்கள் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடங்கள் எல்லா நாளும் வேண்டும். தேர்வுக்கு முந்திய நாளும் வேண்டும். விடுமுறைப் பயணத்தின்போதும் வேண்டும். ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்ற நம்பகமான ஒருவரை ஏற்பாடு செய்யாதவர் மரத்தின் உயிரோடு விளையாடுகிறார் என்றே சொல்ல வேண்டும். இதற்கு உடன்பட முடியாதவர் வெட்கப்படத் தேவையில்லை. குறைந்த ஒளியிலும் வளரும் மணிபிளாண்ட் போன்ற செடிகள் இருக்கின்றன. தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் குடியிருப்பு வட்டாரங்களிலும் பள்ளிகளிலும் சமூகத் தோட்டங்கள் உருவாகியிருக்கின்றன. அங்கே பலர் சேர்ந்து ஒரு செடியைக் கவனித்துக்கொள்ளலாம். தன் வீட்டுக்கும் தன் நேரத்துக்கும் பொருந்தாத உயிரை வாங்காமல் இருப்பதும் ஒருவகை அன்புதான்.

வாங்குபவருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. உணவுப் பொட்டலத்தில் அடங்கியுள்ள பொருள்களை அச்சிடுவதைப் போல, ஒவ்வொரு போன்சாய்த் தொட்டியிலும் மரத்தின் பெயர், அதற்கு வேண்டிய வெயிலின் அளவு, அதை வீட்டுக்குள் வைக்கலாமா என்ற மூன்று விவரங்களையாவது எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. விற்பனை சற்றுக் குறையலாம். ஆனால் முதல் மரம் இறந்ததும் “எனக்குச் செடி வளர்க்கக் கைராசி இல்லை” என்று முடிவுகட்டிவிடும் இளையர்கள் பலர், அந்தச் சிறு அட்டையால் நல்ல வளர்ப்பாளர்களாக மாறலாம். ஒரு மாணவரின் ஆர்வம் ஒரு தொட்டி மரத்தைவிட விலை மிக்கது.

முதலில் குறிப்பிட்ட மாணவியும் ஏறத்தாழ அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தாள். காய்ந்த மரத்தை வீசிவிட்டு, இனி இந்த ஆசையே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். சில வாரங்களுக்குப் பிறகு எதிர்வீட்டு முதியவர் அவளை அழைத்து, தம் ஃபைக்கஸ் மரத்திலிருந்து வெட்டி வேர்விடச் செய்த ஒரு சிறு கிளையைக் காட்டினார். அதில் ஆறு இலைகளே இருந்தன. வளைந்த தண்டோ அழகிய தொட்டியோ இல்லை. சாதாரண பிளாஸ்டிக் தொட்டிதான். அவள் கை நீட்டியபோது அவர் உடனே கொடுத்துவிடவில்லை.

“உன் வீட்டில் காலை வெயில் எங்கே விழுகிறது?” என்று கேட்டார்.

அவளுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை முழுவதும் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயில் விழுவது ஒரே இடத்தில்தான்: தன் அறையின் கிழக்குச் சன்னல். அதை ஒட்டி அவளுடைய படிப்பு மேசை இருந்தது. மேசைமேல் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

அன்று மாலை அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து மேசையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார்கள். பிறகு அவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த ஆறு இலைச் செடி போன்சாயாக உருவெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் போன்சாய் வளர்ப்பின் முதல் பாடம், அந்த மேசை நகர்ந்த அன்றே தொடங்கிவிட்டது.